அஞ்சு டைல்ஸ் தள்ளி ஒரு கோடு

திருநகர், மதுரை
ஞாயிறு காலை

மாப்ள,

நாலு மாதமாக ஒரு வரி எழுதவில்லை, திட்டியிருப்பாய். செல்விக்குக் கழுத்தில் இருந்தது தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன் முடிந்தது. மிச்சமிருக்கும் செல்களை அழிக்க, கதிர்வீசும் அயோடின்-131 கொடுத்தார்கள். ஈயக் குடுவையிலிருந்து எடுத்த ஒரே ஒரு மாத்திரை. மூன்று நாள் தனி அறையில் வைத்திருந்து, செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

சேவியர் சார் லேபில் கதிர்வீசும் சீசியம்-137 முன்னால் நீ ஈயத்தகடு அடுக்குவாய், நான் கதிரை எண்ணும் கெய்கர் கவுண்டரைப் பார்த்து எழுதுவேன். ஆறரை மில்லிமீட்டருக்குப் பாதி, இன்னொரு ஆறரைக்குக் கால். மொத்தமாக நிறுத்திக் காட்டுகிறேன் என்று தகடு தீரும்வரை அடுக்கினாயே! காமா கதிர் குறையுமே தவிர நிற்காது. ஒரு தாள் மறித்தாலே நின்றுவிடும் ஆல்பா நீதான், திண்டுக்கல்லைத் தாண்டி மதுரைக்கு வர உனக்கு வருஷக்கணக்காகிறது.

அந்தக் காமா இப்போது என் வீட்டில். அயோடின் விடுவது இரண்டு கதிர். பீட்டா சதைக்குள் இரண்டு மில்லிமீட்டர் போனாலே அதிகம். வழியில் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களை உதிர்த்து உதிர்த்தே தன் ஆற்றலையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். வைத்தியம் அதுதான். காமாவுக்கு மின்னூட்டம் இல்லை. வழியில் எதிலும் மோதாதது தோலைத் தாண்டி வெளியே வந்துவிடுகிறது. நோயாளியைக் குணமாக்குவது ஒன்று, பேத்தியிடமிருந்து பிரிப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மாத்திரைக்குள்!

எட்டு நாளில் அயோடின் பாதியாகும், சிறுநீரிலும் வெளியேறும். குழந்தை மட்டும் இரண்டு வாரம் தள்ளியே இருக்கட்டும் என்றார் டாக்டர். சின்ன அத்தை ஒட்டுவாரொட்டி நோய் மாதிரி போனில் பேசக்கூடப் பயப்படுகிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. செல்வி காதில் விழாமல் கதவைச் சாத்திக்கொண்டு சண்டை போட்டேன்.

செல்வி நாற்காலியிலிருந்து அஞ்சு டைல்ஸ் தள்ளி, பத்தடியில், சாக்பீஸால் கோடு போட்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் பாப்பா அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து அப்பத்தாவுக்குப் பாடம் ஒப்பிப்பாள். தூரம் இரண்டு மடங்கானால் கதிர் கால்பங்கு என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

நேற்று பார்த்தால் கோடு ஒரு டைல்ஸ் முன்னால் வந்திருக்கிறது. பத்தடி எட்டடியானால் ஒன்றரை மடங்குக்கு மேல், மாப்ள. திட்ட வாய் வரவில்லை. ஈரத்துணியால் துடைத்து, பழைய இடத்திலேயே போட்டேன். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த மாதம் ஒரு நடை வா.

உன்
ராமு