டர்போ பெட்ரோல் கார் வாங்குகிறவர்களுக்குத் தமிழில் யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை ஆரப்பாளையத்தில் சின்னதாக ஒரு கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். 20 வருடத்துக்கு மேலாக இதே தொழில்தான். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை உங்கள் நாளிதழைப் படிப்பது. புதுக் கார் விளம்பரம் முழுப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் 'டர்போ' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் அந்த டர்போவை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வெட்டாமல் போட்டால் நாலு பேருக்கு உதவும்.

போன மாதம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு பூ வியாபாரி வந்தார். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. போன வருடம் 3 சிலிண்டர் டர்போ பெட்ரோல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார், வாங்கும்போது 40 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. "அண்ணே, ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது வண்டி இழுக்கவே மாட்டேங்குது, பின்னாடி பார்த்தா ஒரே புகை" என்றார். ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலேட்டரைக் கொடுத்துப் பார்த்தேன், நீலப் புகை. டர்போவிலிருந்து, அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றிச் சாய்த்ததும் கறுப்பு ஆயில் கையில் வழிந்தது. உள்ளே விரலை விட்டு டர்போவின் ஷாஃப்ட்டை அசைத்தேன். ஷாஃப்ட்டில் ஒரு நூல் அசைவு இருக்கலாம், அது தப்பில்லை, ஆனால் இதில் சக்கரமே கூட்டில் உரசி இறக்கைகளின் ஓரம் தேய்ந்து பளபளவென்று இருந்தது. டர்போவுக்கு ஆயில் கொண்டுவரும் சின்ன பைப்பைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். காற்றே போகவில்லை, உள்ளே முழுக்கக் கரி.

என்ன ஆயில் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். "நம்ம டிராக்டருக்கு ஊத்துற ஆயில்தாண்ணே, கெட்டியா இருந்தா எஞ்சினுக்கு நல்லதுன்னு சொன்னாங்க, பாட்டிலும் முந்நூறு ரூபா குறைச்சல்" என்றார். அதுவும் மாற்றி 12 ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. அந்த மனிதர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. டர்போவும் வேலையும் சேர்த்து 60 ஆயிரத்தைத் தாண்டும் என்று சொன்னபோது அவர் பேசாமல் வண்டியின் பானட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த ஆயிலை ஊற்றிக் கொடுத்த மெக்கானிக்கையும் நான் குறை சொல்ல மாட்டேன். அம்பாசடர் காலத்திலிருந்து, நம் ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-40 கெட்டி ஆயில்தான் சரி என்று நாங்கள் எல்லோரும் படித்த பாடம் அது. அந்த எஞ்சினுக்கு அது சரியாகவும் இருந்தது. இப்போது எஞ்சின் மாறிவிட்டது, பாடத்தை யாரும் மாற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லை.

டர்போ என்பது என்ன? சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகிற சூடான புகையை வைத்து ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே ஷாஃப்ட்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுவது. காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், சின்ன எஞ்சினிலேயே பெரிய எஞ்சினின் வேகம் கிடைக்கும். ஹூண்டாய் வென்யூ காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 1.2 லிட்டர் சாதா பெட்ரோல் எஞ்சினின் குதிரைசக்தி 83 பிஎஸ், டார்க் என்கிற இழுவை 114 நியூட்டன் மீட்டர் அளவு, அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுற்று, அதாவது 4,000 ஆர்பிஎம் போனால்தான். அதைவிடச் சின்ன 998 சிசி டர்போ எஞ்சின் 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர், அதை 1,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துவிடுகிறது. திருமங்கலம் தாண்டி நாலுவழிச் சாலையில் லாரியை ஓவர்டேக் எடுக்கும்போது இந்த வித்தியாசம் காலிலேயே தெரியும்.

இதெல்லாம் சும்மா வரவில்லை. அந்தச் சின்ன ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல், சில வண்டிகளில் இரண்டு லட்சம் வரை சுழல்கிறது. பெரும்பாலான கார் டர்போக்களில் பால் பேரிங்கூடக் கிடையாது, மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடிதான் அது சுற்றுகிறது. ஒரு பக்கம் பெட்ரோல் எஞ்சினின் புகை 900 டிகிரியைத் தாண்டும், டீசல் டர்போவுக்கு இவ்வளவு சூடு வராது. சுமோ, ஸ்கார்பியோ, ஸ்விஃப்ட் டீசல் என்று டர்போவை நாங்கள் வருடக்கணக்கில் பார்த்திருக்கிறோம், அதே பழக்கத்தில் பெட்ரோல் டர்போவையும் தொடுகிறோம், அங்கேதான் கையைச் சுட்டுக்கொள்கிறோம். தரம் குறைந்த ஆயில் அந்தச் சூட்டில் கருகிப் படிந்து பைப்பை அடைக்கும். பைப் அடைத்தால் ஷாஃப்ட்டுக்கு ஆயில் கிடைக்காது, அப்புறம் மீதி எல்லாம் தன்னால் நடக்கும்.

ஆகவே ஆயில் விஷயத்தில் ஒரே ஒரு வழிதான். எந்த கிரேடு, அதாவது எவ்வளவு கெட்டியான ஆயில் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40 என்று வண்டிக்கு வண்டி மாறும், பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றுவதை நீங்கள் ஊற்றக் கூடாது. கிரேடு மட்டும் போதாது, பாட்டிலில் ஏபிஐ எஸ்பி, எஸ்என் பிளஸ் மாதிரி ஒரு தர எழுத்தும் இருக்கும், அதையும் பார்க்க வேண்டும். 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று இந்தத் தரங்கள் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே டர்போ பெட்ரோல் எஞ்சின்தான். இந்த எஞ்சின்களில் கியர் குறைக்காமல், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் பிளக் பொறி விடுவதற்கு முன்பே உள்ளே பெட்ரோல் தானாக வெடிக்கக்கூடும். சில சமயம் பிஸ்டனே உடையும். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறுகிறவர்கள் மைலேஜ் பார்த்து 5-வது கியரிலேயே மிதித்துக்கொண்டு போகாதீர்கள், 2, 3 என்று இறக்கிப் போங்கள். டர்போ மலைக்கு ரொம்ப நல்லது, 2,100 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்தாலும் அது அமுக்கிக் கொடுத்துவிடும். கியரை மட்டும் ஒழுங்காகப் போட வேண்டும்.

பழைய ஃபோர்டு ஈகோஸ்போர்ட் ஈகோபூஸ்ட் வைத்திருப்பவர்கள் இன்னும் மதுரையில் இருக்கிறார்கள், 2013-இல் வந்த 1 லிட்டர் எஞ்சின். அதில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள் ஓடுகிறது. தப்பான ஆயில் ஊற்றினால் பெல்ட் உதிர்ந்து, அந்தத் துகள் போய் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைக்கும். பழசாக வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காமல் ஆயில் மாற்றிய பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

பூ வியாபாரிக்குச் செலவைக் குறைக்கலாமே என்று பழைய டர்போ ஒன்றைத் தேடி அலைந்தேன். அதே எஞ்சின், அதே சிசி, பார்க்க அச்சு அசல் ஒன்றாக ஒன்று கிடைத்தது. போல்ட் துளைகூடப் பொருந்தியது. ஆனால் அது பிஎஸ்4 என்கிற பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியுடையது, டர்போவின் அழுத்தம் அளவு மீறாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் என்ற கதவு அதில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும். இவர் வண்டி புது விதியான பிஎஸ்6, மோட்டார் வைத்த வேஸ்ட்கேட், வயர் கனெக்டர் இருக்கிறது, மாட்டிய பிறகு ஸ்கேனரில் போட்டு செட் பண்ண வேண்டும். பழசை மாட்டியிருந்தால் அன்றைக்கே செக் எஞ்சின் லைட் எரிந்திருக்கும். டர்போவின் மேல் சின்னத் தகட்டில் அடித்திருக்கும் பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரை ஒத்துப்போனால் ஒழிய எந்தக் கடைக்காரர் சொன்னாலும் வாங்கக் கூடாது. கடைசியில் புதுசுதான் போட்டோம், ஆயில் பைப்பும் புதுசு, உள்ளே இருந்த கசடையும் எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரை இறக்கிச் சுத்தம் பண்ணினோம். பைப்பை மாற்றாமல் டர்போவை மட்டும் மாற்றினால் புது டர்போவும் அதே வழியில் போகும்.

'டர்போ போச்சு' என்று வருகிற எல்லா வண்டியிலும் டர்போ போயிருக்காது, இதையும் சொல்ல வேண்டும். பாதி நேரம் இன்டர்கூலர் ஹோஸில் கிளாம்ப் தளர்ந்திருக்கும், இல்லையென்றால் எலி கடித்திருக்கும். விசில் மாதிரி சத்தம், பிக்கப் குறைவு, அவ்வளவுதான். கிளாம்ப்பை முறுக்கினால், கடிபட்ட ஹோஸை மாற்றினால் சரியாகிவிடும். மலிவான பிளக் போட்டதால் ஏற்றத்தில் மட்டும் உதறுகிற வண்டியும் வருகிறது. டர்போவுக்கு பிளக் இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், கையேட்டில் சொன்ன பிளக்தான் போட வேண்டும். டர்போவைக் கழற்றச் சொல்வதற்கு முன்னால் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் அடிப்பதால் வால்வை அது கழுவாது, வால்வில் கரி சேரும். நெக்ஸான் 1.2 மாதிரி வால்வுக்கு முன்னால் பெட்ரோல் அடிக்கிற எஞ்சினில் இந்தத் தொல்லை குறைவு.

இ20 பெட்ரோல் பற்றித் தினமும் கேட்கிறார்கள். 20 சதவீதம் எத்தனால். எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜ் கொஞ்சம் குறையும், அது வண்டிக் கோளாறு இல்லை. பெட்ரோல் நேரம் தவறி வெடித்து எஞ்சின் தட்டுவதை எத்தனால் தடுக்கும், அந்த வகையில் டர்போவுக்கு நல்லதுதான். கவனிக்க வேண்டியது 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டிகள். ரப்பர் பைப், சீல் இவை இ20-க்கு ஏற்றவையா என்று கையேட்டிலும் பெட்ரோல் மூடியிலும் பாருங்கள், ஆயில் மாற்றும்போதெல்லாம் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு, சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையத்துக்கு என்று எஞ்சின் சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறவர்கள் மாதம் ஒருமுறை ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால் ஆயிலில் பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம், உடனே மாற்ற வேண்டும்.

இன்னொன்று, திருநெல்வேலியிலிருந்து 110-இல் ஓட்டி வந்து டீக்கடையைப் பார்த்ததும் டக்கென்று சாவியைத் திருப்பி அணைப்பது. டர்போ செந்தணலாக இருக்கும்போது ஆயில் ஓட்டம் நின்றால் இருக்கிற ஆயில் அங்கேயே கருகும். இப்போது பல வண்டிகளில் டர்போவுக்குத் தண்ணீர் குளிர்ச்சியும் இருக்கிறது, இருந்தாலும் ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

4 மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் வரி குறைவு, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த கையோடு சின்ன டீசல் கார்களும் பெரும்பாலும் நின்றுபோயின. அதனால் இனி நம் பக்கத்தில் விவசாயியும் வியாபாரியும் வாத்தியாரும் வாங்கப்போவது இந்த எஞ்சினைத்தான். நான் மேலே சொன்ன எதுவும் ரகசியம் இல்லை, எந்த ஆயில், எந்த பிளக் என்பதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது. பூ வியாபாரியின் வண்டி டேஷ்போர்டில் அந்தக் கையேடு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது, முழுக்க ஆங்கிலம். ஆயில் கிரேடு எங்கோ பின்பக்கத்தில் பொடி எழுத்து அட்டவணையில். அவர் எப்படிப் படிப்பார், ஆயில் மாற்றிய மெக்கானிக்தான் எப்படிப் படிப்பார்?

கார் கம்பெனிகளுக்கு உங்கள் மூலமாக நான் கேட்பது இரண்டுதான். தமிழ்நாட்டில் விற்கிற ஒவ்வொரு வண்டியோடும் தமிழில் கையேடு கொடுங்கள். அது அச்சாகி வரும்வரை, பானட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி ஆயில் கிரேடு, எத்தனை லிட்டர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, எந்த பிளக் என்று தமிழில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உங்கள் நாளிதழும் அந்த விளம்பரப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வாரம் ஒரு கால் பக்கம் வண்டிப் பராமரிப்புக்கு ஒதுக்கினால், எழுதிக் கொடுக்க நானும் என்னைப் போன்ற மெக்கானிக்குகளும் தயாராக இருக்கிறோம், காசு எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்,
ஆரப்பாளையம், மதுரை.