சரசுவுக்கு, நாற்றுத் தட்டின் பக்கத்திலிருந்து

கும்பகோணம்
ஆடி 22

அன்புள்ள சரசு,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. திட்டிக்கொள். போனில் சொல்லலாம் என்றால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பிவிடாதே. இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, வாய் மட்டும் இறங்கவில்லை. லலிதா பேரனுக்கு மொட்டை போட்ட படம் அனுப்பியிருந்தாள். அதிலும் அதே பச்சை ஜாக்கெட்! சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

எல்லாம் நீ கொடுத்த தக்காளி விதையால் வந்த வினை. பெரியகுளம் ரகம், பி.கே.எம். 1, பத்து கிராம் பொட்டலம். கிராமுக்கு ஏறக்குறைய 300 விதை இருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னாயா நீ? மூவாயிரம் செடி வைக்க என் கொல்லை என்ன பண்ணையா? ஆனி மாதமே அவசரப்பட்டுப் பாதிப் பொட்டலத்தை ஒரே பேசினில் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். ஒரே வாரத்தில் பேசின் முழுக்கப் பச்சை. இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேன். பத்தாம் நாள் காலையில் பார்த்தால் நடுவில் வட்டமாக, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி சாய்ந்து கிடக்கிறது. மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு வெந்த கீரைத்தண்டாக நைந்து நூலாகிவிட்டது. மூன்றே நாளில் மொத்தமும் போச்சு. நாற்றழுகலாம். நெருக்கியடித்து நின்றால் உள்ளே காற்றுப் புகாது, ஈரம் காயாது, பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நம் ஹாஸ்டலில் ஒரே அறையில் பதினோரு பேரைப் போட்டார்களே, ஒருத்திக்கு அம்மை வந்ததும் என்ன ஆனது, நினைவிருக்கிறதா? அதே கதைதான்.

சரி, விடுவேனா? ஆடி 3 அன்று மறுபடி. உரக்கடையில் டிரைக்கோடெர்மா விரிடி, அதுதான் கெட்ட பூஞ்சையை அடக்குகிற நல்ல பூஞ்சை, வாங்கி விதையைப் புரட்டி எடுத்தேன். இந்தத் தடவை ஆழமில்லாத தட்டு, தென்னை நார்த்தூளும் மண்புழு உரமும், குச்சியால் கோடு கிழித்து வரிசையாக விதைப்பு. இன்னொரு தட்டில் கத்தரி. எல்லாம் பாடப்புத்தகம் போலத்தான் போயிற்று, தக்காளியில் கடைசி இரண்டு வரிசை தவிர. அங்கே விதை கை தவறிக் கொத்தாகக் கொட்டிவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அந்தக் கொத்தைப் பார்த்துவிட்டுத்தான் கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்தார். நெருங்கி முளைத்த நாற்றைப் பிரித்துத் தனித்தனியாக வைக்கிற வித்தையை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நான் போய் ஒரு நாற்றைத் தண்டோடு பிடித்து இழுத்தேன். பட்டென்று என் கையில் ஒரு அடி! “இலையைப் புடி டீச்சர். இலை போனா வேற இலை வரும். தண்டு நசுங்கினா என்ன வரும்?” முப்பத்து மூன்று வருஷம் ஊர்ப் பிள்ளைகளை அதட்டினவள், பேசாமல் நின்றேன்.

ஆடிப்பெருக்கன்று ஊரே காவேரிக்குப் போயிற்று. நான் சித்ரான்னத்தைக் கட்டிக் கொடுத்து இவரை அனுப்பிவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் முளைக்கிற விதையிலைக்கு மேலே நிஜ இலை எட்டிப் பார்க்கிற பருவம் அது. பொறுத்தால் வேர் ஒன்றோடொன்று சடை பின்னிக்கொள்ளும். ஒரு மணி நேரம் முன்னாலேயே தட்டை நன்றாக நனைத்து வைத்தேன். கொத்தை ஸ்பூனால் அடியோடு தூக்கி, கிண்ணத் தண்ணீரில் மெதுவாக விட்டால் மண் கரைந்து வேர் தானாக விலகுகிறது. வெள்ளை நூல் மாதிரி வேரடி, ஒவ்வொன்றும் செடியைவிட நீளம்! விதையிலையைப் பிடித்துத் தூக்கி, செய்தித்தாளில் செய்த மண் கிண்ணத்தில் பென்சிலால் போட்ட குழிக்குள் வேர் மடங்காமல் இறக்க வேண்டும். தக்காளியை விதையிலை வரைக்கும் புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும். நெடுநெடுவென்று வளர்ந்த சோனிகளுக்கு அதுதான் வாழ்வு. கத்தரியை அவ்வளவு ஆழம் இறக்காதே என்றார் கீரைக்காரம்மா.

நாற்பத்தெட்டு வைத்தேன். முதல் நாள் அத்தனையும் தலை தொங்கிவிட்டது, எனக்குச் சோறு இறங்கவில்லை. இவருடைய பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டி நிழல் கொடுத்தேன் (எந்த வேட்டி என்று அவருக்கு இன்னும் தெரியாது). மூன்றாம் நாள் நாற்பத்தொன்று நிமிர்ந்துவிட்டன. இனி கொஞ்சம் கொஞ்சமாக வெயில் காட்டி, தண்ணீரைக் குறைத்துப் பழக்கி, ஆவணி முதல் வாரம் ஒரு சாயங்காலமாகப் பார்த்துக் கொல்லையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட வேண்டும். உனக்குப் பத்து.

போன ஏழு எப்படிப் போயின என்று கேட்பாயே. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். என் கை நடுங்குகிறது சரசு. வலது கை. சும்மா மடியில் கிடக்கும்போது ஒன்றுமில்லை. விதையிலையைப் பிடித்துக் குழிக்கு நேராகக் கொண்டுபோகும்போதுதான், அந்தக் குட்டிச் செடி பேயாட்டம் ஆடுகிறது. இடது கையால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துத்தான் மிச்சத்தை வைத்தேன். விதை கொட்டியதும் இதனால்தான். அன்றைக்குக் காற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டுக்கு நீ வரும்போதெல்லாம் அப்பா காபி ஆற்றுவாரே, டபராவில் டம்ளர் கடகடவென்று இடிக்குமே, நாம் இரண்டு பேரும் கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போமே. அந்தச் சத்தம் போன வாரம் என் கையிலிருந்து வந்தது. இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நரம்பு டாக்டரிடம் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நேரம் வாங்கியிருக்கிறேன். மருமகளிடம் சொன்னால் அன்றைக்கே பெங்களூரிலிருந்து கிளம்பிவிடுவாள், அந்த ஆர்ப்பாட்டம் வேண்டாம். நீ வா. ஆனால் வெள்ளிக்கிழமையே வந்துவிடு. கத்தரிக்கு நிஜ இலை விட ஆரம்பித்துவிட்டது, நூற்றுக்கு மேல் நிற்கிறது. நான் குழி போடுகிறேன், நீ பிரித்து இறக்கு. பழைய செய்தித்தாள் இருந்தால் ஒரு கட்டு கொண்டு வா, இங்கே தீர்ந்துவிட்டது.

உன்,
கமலா