இரவல் காரில் போகும் மகளுக்கு

கண்ணு,

வருகிற சனிக்கிழமை நாலு பேரும் உன் தோழியின் காரில் சென்னையிலிருந்து ஏற்காடு போகப்போகிறோம் என்றாய். நீதான் ஓட்டுகிறாயாம். "இன்சூரன்ஸ் இருக்கும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். அந்த ஒரு வரிக்குள் ஐந்தாறு கேள்வி இருக்கிறது. போனில் கேட்டால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. நம் நாட்டில் கார் இன்சூரன்ஸ் வண்டியோடு போகும், ஓட்டுகிறவரோடு அல்ல. லண்டனில் இருக்கும் உன் அண்ணன் பாலிசியில் பெயர் சேர்ப்பது பற்றிச் சொல்லிக் குழப்பியிருப்பான்; அது அந்த ஊர் வழக்கம். இங்கே பாலிசியில் 'டிரைவர்' என்று ஒரு பத்தி வரும். சொந்தக்காரர் உட்பட யார் ஓட்டினாலும் செல்லும். ஆனால் விபத்து நேரத்தில் ஓட்டுகிறவரிடம் நடப்பில் உள்ள லைசென்ஸ் இருக்க வேண்டும், லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இழந்தவராகவும் இருக்கக் கூடாது. சொந்தக்காரரின் அனுமதியோடு ஓட்டுகிறவருக்கும் அந்தப் பாலிசி பாதுகாப்புத் தரும் என்று இன்னொரு இடத்தில் இருக்கும். இந்த 'அனுமதி' என்ற சொல்லை மனதில் வை.

அனுமதி யாருடையது? ஆர்.சி. புக்கில் உன் தோழி பெயரா, அவள் அப்பா பெயரா? பெரும்பாலும் அப்பா பெயரில்தான் இருக்கும். அப்படியானால் அவருக்குத் தெரிந்து வண்டி வெளியே வர வேண்டும். "இந்தத் தேதிக்கு எடுத்துப் போகிறேன் அங்கிள்" என்று நீ ஒரு வாட்ஸ்அப் போடு, அவர் "சரிம்மா" என்று பதில் போட்டால் போதும். நாளைக்கு கிளைம் என்று வந்தால் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். நீ போட முடியாது, உன் தோழியும் போட முடியாது. கேட்காமல் எடுத்துப் போன காருக்கு அவர் எந்த மனநிலையில் கையெழுத்துப் போடுவார் என்று யோசித்துப் பார்.

அடுத்தது பாலிசி என்ன வகை என்பது. இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் கார் வாங்கும்போதே தேர்ட் பார்ட்டி, அதாவது பிறருக்கு நேரும் பாதிப்புக்கான பகுதி, மூன்று வருடத்துக்குக் கட்டியாக வேண்டும். ஆனால் காருக்கு வரும் சேதத்துக்கான ஓன் டேமேஜ் பகுதி பொதுவாக ஒரே வருடம்தான். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அவள் கார் வாங்கி இரண்டரை வருடம் என்றாய். அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பர் போட்டுப் பார்த்தால் இன்சூரன்ஸ் இன்னும் ஆறு மாதம் இருப்பதாகக் காட்டலாம். அது தேர்ட் பார்ட்டி முடியும் தேதியாக இருக்கலாம்; ஓன் டேமேஜ் போன வருடமே செத்துப்போயிருக்கலாம். அவளுக்கே தெரியாமல் இருக்கும், ஏனென்றால் போலீஸ் நிறுத்தினாலும் தேர்ட் பார்ட்டி இருந்தால் விட்டுவிடுவார்கள். ஆகவே பாலிசி பி.டி.எஃப்.பை அனுப்பச் சொல். ஓன் டேமேஜுக்கும் தேர்ட் பார்ட்டிக்கும் தனித்தனியாக 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை' என்று முதல் பக்கத்திலேயே இருக்கும். இரண்டையும் படி.

இரண்டுமே இல்லாத வண்டி என்றால் தொடவே தொடாதே. சொந்தக்காரருக்கு மட்டுமல்ல, ஓட்டுகிறவருக்கும் அது குற்றம். முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 4,000, சிறையும் சட்டத்தில் உண்டு. அபராதம்கூடப் பெரிதில்லை. யாருக்காவது அடிபட்டால் நஷ்ட ஈடு முழுக்க உங்கள் தலையில் விழும்.

வெறும் தேர்ட் பார்ட்டி மட்டும் இருந்தால்? ரோட்டில் போகிறவருக்கு அடிபட்டாலோ உயிர் போனாலோ தொகைக்கு வரம்பில்லாமல் கம்பெனி கொடுக்கும். பிறர் சொத்துக்குச் சேதம் என்றால் தனியார் காருக்கு 7.5 லட்சம் வரை. ஆனால் காருக்கு ஒரு பைசா வராது. இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: காருக்குள் சும்மா கூட வரும் உன் தோழிகள் அந்தப் பாலிசிக்குள் வர மாட்டார்கள். பேக்கேஜ் பாலிசி, நாம் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்கிறோமே, அதில்தான் தனியார் காரில் பயணம் செய்கிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. 2012-இல் உச்ச நீதிமன்றமே இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறப்போகிறாய். ஃபுல் இன்சூரன்ஸ் இல்லையென்றால் பஸ்ஸில் போங்கள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு நிறைய பஸ் இருக்கிறது.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கடிதமே இதற்காகத்தான். எல்லாம் சரியாக இருந்தாலும் அந்தப் பாலிசியில் பாதுகாப்பில்லாமல் நிற்கிற ஒரே ஆள் ஸ்டியரிங் பிடிக்கிற நீதான்.

பாலிசியில் 15 லட்சத்துக்கு ஒரு விபத்துக் காப்பீடு இருக்கும். அதன் பெயரே 'ஓனர் டிரைவர்'. பதிவுச் சொந்தக்காரருக்கு மட்டும்தான் அது. நீ ஓட்டி உனக்கு அடிபட்டால் வராது. உன் ஸ்கூட்டிக்கும் அதே 15 லட்சம் கட்டியிருக்கிறாயே என்றால், அது உன் பெயரில் உள்ள வண்டிக்கு. தோழியின் காருக்கு ஒட்டாது. சரி, தேர்ட் பார்ட்டியில் கேட்கலாமா? அங்கேயும் கதவு சாத்தியிருக்கிறது. இரவல் வாங்கி ஓட்டுகிறவர் சொந்தக்காரரின் இடத்தில் நிற்கிறார், அவரை மூன்றாம் நபராகக் கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2020-இலும் சொல்லிவிட்டது. இரண்டுமே இரவல் பைக் வழக்குகள். எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்சூரன்ஸில் நீ கேட்கலாம், அந்த வழி திறந்தே இருக்கிறது. ஆனால் நீயாகத் தடுப்புச் சுவரில் மோதினாலோ, மாடு குறுக்கே வந்து வண்டி கவிழ்ந்தாலோ கேட்பதற்கு ஆளில்லை.

பாலிசியில் 'பெயர் குறிப்பிடாத பயணிகள்' என்று கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் தலைக்கு அதிகபட்சம் 2 லட்சம் இருக்கும். அதிலும் ஓட்டுகிறவர் சேர்த்தியா என்று வாசகத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும். இதையெல்லாம் நம்பாமல் உன் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுத்துவிடு. 'சரல் சுரக்ஷா பீமா' என்று 2021 ஏப்ரல் முதல் எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி வாசகத்தோடு கிடைக்கிறது. இரண்டரை லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எடுக்கலாம். நீ யார் காரில் இருந்தாலும், பஸ்ஸில் இருந்தாலும், நடந்தே போனாலும் செல்லும். இந்த வாரமே எடு.

லைசென்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உன்னுடையது நடப்பில் இருக்கிறது. ஆனால் வழியில் மாற்றி ஓட்டப்போகிறவளுடையதையும் பார். கையில் எல்.எல்.ஆர். மட்டும் இருந்தால் ஹைவேயில் "கொஞ்ச தூரம்" கூடாது. பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் இருந்து சொல்லித்தர வேண்டும், 'எல்' போர்டு வேண்டும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்தானால் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சொந்தக்காரரிடம் வசூலிக்க வரும். தோழியின் அப்பா வீட்டை விற்கும் அளவுக்குப் போகலாம் இது. ஏற்காட்டில் "ஒரு பீர்தானே" என்று யாராவது சொன்னால், அவள் அன்றைக்குச் சாவியைத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான் சட்டத்தின் எல்லை. தாண்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டுமேகூட விதிக்கலாம். போதையில் ஓட்டினால் காரின் சேதத்துக்கும் பணம் கிடைக்காது.

வாடகை என்று பணம் கொடுக்காதே. ஓன் போர்டு காருக்கு, அதாவது வெள்ளை நம்பர் பிளேட்டுக்கு, வாடகைக்கு விட்டால் பாலிசி செல்லாது என்று 'உபயோக வரம்பு' பகுதியில் இருக்கும். டீசல், டோல் நீங்கள் பகிர்ந்துகொள்வது வேறு. ஆனால் "கார் ரென்ட் 3,000" என்று நீ ஜிபேயில் குறிப்பு எழுதி அனுப்பினால் கம்பெனிக்கு நீயே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி. நன்றி சொல்ல வேண்டுமென்றால் டேங்க்கை நிரப்பிக் கொடு, ஏற்காட்டுக் காப்பித்தூள் வாங்கிக் கொடு.

பணக் கணக்கை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். சின்னச் சேதத்துக்கு கிளைம் போடுவது நஷ்டம். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். பம்பர் 12,000 என்று வை. பிளாஸ்டிக்குக்குப் பாதி தேய்மானம் கழிப்பார்கள், 6,000. கட்டாயமாக நம் கையிலிருந்து போவது, 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு, 1,000. மிச்சம் 5,000தான் கம்பெனி தரும். அந்த 5,000-க்காக அவர்களுடைய நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு, பூஜ்யமாகிவிடும். இரண்டு வருடம் கிளைம் இல்லாமல் இருந்தால் இப்போது 25 சதவீதம் கழிவில் கட்டிக்கொண்டிருப்பார்கள். அடுத்தது 35, பிறகு 45, 50. கிளைம் போட்டால் 0, 20, 25, 35, 45 என்று முதலிலிருந்து ஏற வேண்டும். ஓன் டேமேஜ் பிரீமியம் 10,000 என்றால் ஐந்து வருடத்தில் இழப்பு 10,500 ரூபாய். ஆகவே பம்பர் மட்டும் என்றால் நீ கையிலிருந்து முழுதும் கொடுத்துவிடு. பானட், ரேடியேட்டர் வரை போனால் கிளைம் போடச் சொல்லி, தேய்மானமும் போனஸ் இழப்பும் உன் பங்கு என்று ஒத்துக்கொள். 'பம்பர் டு பம்பர்' என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருந்தால் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள், அந்தக் கட்டாய 1,000-மும் போனஸும்தான் போகும். போனஸுக்கும் தனிப் பாதுகாப்பு எடுத்திருக்கலாம், கேள்.

மழைக்காலம் வேறு. சுரங்கப்பாதைத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதே. தண்ணீர் சிலிண்டருக்குள் இழுக்கப்பட்டு கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 'எஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் காப்பீடு இல்லாத பாலிசியில் அந்தச் செலவைத் தர மாட்டார்கள். தள்ளி ஓரம் கட்டி, டோ செய்து எடுத்துப் போங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் நிறுத்து. ஆளுக்கு அடி என்றால் 108, அப்புறம்தான் மற்றது. போலீசுக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிப்பது ஓட்டியவரின் கடமை, சொந்தக்காரர் செய்வார் என்று விடாதே. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் சி.எஸ்.ஆர்., அதாவது புகார் கொடுத்ததற்கான ரசீது, வாங்கு. வண்டியை நகர்த்தும் முன் நாலு பக்கமும் போட்டோ, நம்பர் பிளேட் தெரிகிற மாதிரி. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பார்க்கும்வரை ஷெட்டில் எதையும் கழற்ற விடாதே. அடிபட்டவரிடம் "தப்பு என் மேலதான், நான் பார்த்துக்கிறேன்" என்று எழுதிக் கொடுக்காதே. கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பேற்கக் கூடாது என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கூடப் போ, தண்ணீர் வாங்கிக் கொடு, அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அந்த நேரத்தில் ஒருவர் கட்டாயம் ஒரு யோசனை சொல்வார்: "ஓனர் ஓட்டுனதா எழுதிடலாம், சுலபமா முடியும்." கேட்காதே. உனக்கு லைசென்ஸ் இருக்கும்போது அந்தப் பொய்யால் ஒரு லாபமும் இல்லை. டோல்கேட் கேமராவும் செல்போன் டவரும் பொய்யைக் காட்டிக்கொடுத்தால், கிடைக்க வேண்டிய கிளைமும் நின்றுபோகும். கிளைம் ஃபாரத்தில் ஓட்டியவர் இடத்தில் உன் பெயர், உன் லைசென்ஸ் நம்பர். பிறகு எப்போதாவது விபத்து நஷ்ட ஈட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து உன் பெயருக்கு நோட்டீஸ் வந்தால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று தூக்கிப்போடாமல் உடனே நகலைத் தோழியின் அப்பாவுக்கும் கம்பெனிக்கும் அனுப்பு.

இன்று ராத்திரிக்குள் கார் நம்பரும் பாலிசி பி.டி.எஃப்.பும் எனக்கு அனுப்பு. இரண்டு தேதியையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

அம்மா