கொட்டானும் தீர்மானப் புத்தகமும்

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே காரைக்குடிப் பக்கம் வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் தங்கச்சிக்கு மூட்டுவலி குறைந்தபாடில்லை.

உங்கள் ஊர்க் குப்பையைப் பிரிக்கும் வேலையை ஊராட்சியோடு சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் செய். எதையும் வாய்ப்பேச்சில் மட்டும் விட்டுவிடாதே.

எங்கள் கொட்டான், அதுதான் பனையோலைக் கூடை, அந்தக் கதையையே கேள். விசாலாட்சி ராமசாமி தன் அறக்கட்டளை வழியாக இந்தப் பனையோலைப் பின்னலை மீட்டெடுத்தாரே, அந்தத் தெம்பில்தான் நாங்களும் மகளிர் குழுவைக் கூட்டினோம். உட்கார்ந்து பின்ன இடமில்லை. பூட்டிக் கிடந்த ஊராட்சிக் கட்டடத்தைக் கேட்டதும் தலைவர் சாவியை எடுத்து நீட்டிவிட்டார். ஊராட்சிச் செயலர் விடவில்லை. "மே 1 கிராம சபையில் வைத்துத் தீர்மானம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். சரி என்று அப்படியே செய்தோம். அதே சமயம் ஒன்றியத்திலிருந்த ஓர் அதிகாரி, அரசு விழாக்களுக்குக் கொட்டான் வாங்குவதாக வாக்குக் கொடுத்தார். நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை.

2025 ஜனவரியில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, அவர்கள் இடத்தில் அரசின் தனி அலுவலர்கள் வந்தார்கள். அந்த அதிகாரிக்கும் மாறுதல். கட்டடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, தீர்மானம் புத்தகத்தில் இருந்தது. வாய்வார்த்தையோடு நின்ற கொட்டானுக்கு மட்டும் "கோப்பு எங்கே?" என்றார்கள். குருத்தோலைக்கும் சாயத்துக்கும் பெண்கள் கைக்காசு போட்டிருந்தார்கள். நல்ல வேளை, கல்யாணத் தாம்பூலத்துக்கென்று ஆச்சிமார்கள் வாங்கிக்கொண்டார்கள். டெண்டரில் போகலாம் என்றால் முன்வைப்புத் தொகை கட்டவே எங்கள் குழுவிடம் பணமில்லை.

மடிக்கணினியோடு நேரே கலெக்டர் அலுவலகம் போகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். போகட்டும், ஆனால் எந்தக் கட்டடச் சாவி எங்கே தொங்குகிறது என்பது ஊராட்சிச் செயலருக்குத்தான் தெரியும்.

உன் விஷயத்தில், பிரித்து விற்கிற பிளாஸ்டிக் காசு யாருக்கு, வண்டி பழுதானால் செலவு யாருடையது, இரண்டையும் முதலிலேயே எழுது. தூய்மைக் காவலர்களிடம் முன்கூட்டியே பேசு, தங்கள் பிழைப்பில் கை வைக்க வந்தவன் என்று நினைத்துவிட்டால் ஒரு பிடி குப்பைகூடப் பிரியாது. ஊராட்சிப் பணம் கைக்கு வரத் தாமதமாகும், அதுவரை கூலி கொடுக்க வேறு வரும்படி வேண்டும்.

அடுத்த கிராம சபை எப்போது என்று பார். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, இவைதான் நாள்கள். அப்புறம், ஒப்பந்தம் எழுதினால் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு நகல் அனுப்பு. எங்கள் செயலரிடம் காட்டிக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் காரைக்குடிக்காரன்