கேட் மோட்டாரின் சென்சாரைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் ஒயர் போட்டு இணைத்துவிட்டுப் போனது பற்றிய புகார்

அனுப்புநர்:
2023 ஜூனில் உங்களிடம் ஸ்லைடிங் கேட் மோட்டார் வாங்கிய வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

நாள்: 20.11.2024

பொருள்: 30.10.2024 அன்று செய்த சர்வீஸில், வழியில் ஆளோ பொருளோ இருந்தால் கேட்டை மூடவிடாத பாதுகாப்பு சென்சாரை எங்களுக்குத் தெரிவிக்காமல் செயலிழக்கச் செய்தது. மோட்டாரை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டைத் தேவையில்லாமல் மாற்றியது.

ஐயா,

என் கணவருக்கு இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, 14 அடி இரும்பு கேட்டை அவரால் தள்ள முடியவில்லை என்பதற்காகத்தான் உங்கள் மோட்டாரைப் போட்டோம். 600 கிலோ வரை இழுக்கும் என்று பில்லில் இருக்கிறது. மோட்டாருக்கும் போர்டுக்கும் இரண்டு வருட வாரண்டி. முதல் பதினாறு மாதம் ஒரு குறையும் இல்லை. நாங்களே நாலு பேரிடம் உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

அக்டோபர் 21-ம் தேதி, இரண்டு நாள் மழைக்குப் பிறகு, கேட் திறந்தது, ஆனால் மூடவில்லை. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 28 வருடம் வேலை பார்த்தவள். டெலிபோன் பழுதைச் சொல்லும் 198 எண்ணுக்கு வரும் புகார்களை வாங்கி, டெஸ்ட் டெஸ்க்கில் உட்கார்ந்து, பழுது எக்ஸ்சேஞ்சிலா, தெருவோரம் இருக்கும் பில்லர் பெட்டியிலா, வீடுகளுக்கு ஒயர் பிரியும் டிபி பெட்டியிலா, வீட்டுக் கருவியிலா என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துத்தான் லைன்மேனை அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில் இதையும் பார்த்தேன். ரிமோட்டில் புது 12 வோல்ட் பேட்டரி போட்டேன், அப்போதும் மூடவில்லை. சுவரில் இருக்கும் சுவிட்சை அழுத்தினாலும் அதே கதை. அதனால் பழுது ரிமோட்டில் இல்லை. கேட்டை மோட்டாரிலிருந்து விடுவிக்கும் ரிலீஸ் சாவியைத் திருப்பிவிட்டு கையால் தள்ளினேன், கேட் வழுக்கிக்கொண்டு போனது. அதனால் சக்கரத்திலும் டிராக்கிலும் பழுதில்லை. திறக்கும்போது மோட்டார் நன்றாக இழுக்கிறது, மூட மட்டும் மறுக்கிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது தூணில் இருக்கும் சென்சார்தான். நல்ல நிலையில் இருந்தால், கேட் வரும் வழியில் அதன் எதிரே கையை நீட்டியதும் அதற்குள் 'டக்' என்று ஒரு சின்ன சத்தம் கேட்கும். அன்றைக்குப் பத்து முறை நீட்டியும் சத்தமே இல்லை.

இதையெல்லாம் உங்கள் கால் சென்டருக்கு நான்கு முறை போன் செய்து சொன்னேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிள்ளைகள் எடுத்தார்கள், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொன்னேன். புகார் எண் கேட்டால், "மெக்கானிக் வந்து பார்ப்பார் மேடம்" என்பதே பதில். ஒன்பது நாள் கழித்து, தீபாவளிக்கு முந்தின நாள் மதியம் மெக்கானிக் வந்தார். அவரிடமும் சென்சாரைப் பாருங்கள் தம்பி என்று சொன்னேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவர், மழைத் தண்ணீர் இறங்கி போர்டு போய்விட்டது, தண்ணீர் இறங்கினால் வாரண்டி கிடையாது என்றார். போர்டு இருந்த பெட்டிக்குள் ஈரமோ தண்ணீர் தடமோ எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. பண்டிகை நேரத்தில் கேட் திறந்து கிடக்கிறதே என்ற கவலையில் ஒத்துக்கொண்டேன். போர்டுக்கு 6,800, வந்து போனதற்கு 750, ஜிஎஸ்டி 1,359, ஆக 8,909 ரூபாய். பழைய போர்டை வைத்துவிட்டுப் போங்கள் என்றதற்கு, கம்பெனியில் ஒப்படைக்க வேண்டும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். சர்வீஸ் சீட்டில் 'போர்டு மாற்றப்பட்டது, சென்சார் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

கேட் மூடியது. நாங்களும் நிம்மதியாகிவிட்டோம்.

நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். எங்கள் பேத்திக்கு நாலு வயது. அவளுடைய மூன்று சக்கர சைக்கிள் டிராக்கின் குறுக்கே நின்றுகொண்டிருந்தது. அது கண்ணில் படாமல் திண்ணையில் இருந்தபடியே என் கணவர் ரிமோட்டை அழுத்திவிட்டார். கேட் வந்தது, சைக்கிளில் முட்டியது, நிற்கவில்லை. சைக்கிளைச் சாய்த்து, இழுத்துக்கொண்டே போய்த் தூணோடு வைத்து அழுத்தியது. ஹேண்டில் மடங்கி முன் சக்கரத்துக்குள் போய்விட்டது. "என் சைக்கிள்" என்று அலறிக்கொண்டு குழந்தை அதைப் பிடித்து இழுக்க ஓடினாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தவள், பாய்ந்து போய் அவள் கவுனைப் பிடித்து இழுத்தேன். அவள் கைக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. அதற்குப் பிறகும் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. நான் உள்ளே ஓடி மெயினை அணைத்த பிறகுதான் நின்றது. என் கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. ரிமோட்டை இப்போதும் கையில் எடுப்பதில்லை.

மறுநாள் எங்கள் தெரு எலக்ட்ரீஷியனை வைத்து, கரண்ட்டை நிறுத்திவிட்டு, மோட்டாரின் மூடியைக் கழற்றினோம். சென்சாரிலிருந்து வரும் இரண்டு ஒயர்களும் கழற்றி டேப் சுற்றி ஓரமாக விடப்பட்டிருந்தன. அவை இருக்க வேண்டிய இரண்டு இடங்களையும் விரல் நீளச் சிவப்பு ஒயர் ஒன்று இணைத்திருந்தது. அப்படி இணைத்துவிட்டால், வழியில் யாருமே இல்லை என்று போர்டு எந்நேரமும் நம்பிக்கொண்டிருக்கும். குழந்தை நின்றாலும் கேட் மூடும். அதோடு, எதிலாவது முட்டினால் மோட்டார் எவ்வளவு பலத்தில் தள்ள வேண்டும் என்று வைக்கும் குமிழ், உங்கள் கையேட்டில் நடுவில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. அது கடைசி வரை திருப்பப்பட்டிருந்தது.

அப்புறம் தூணில் இருந்த சென்சாரைத் திறந்தோம். உள்ளே சிற்றெறும்புக் கூடு. வெள்ளை முட்டைகளும் ஈர மண்ணும் அந்தச் சின்ன போர்டு முழுக்க அப்பியிருந்தன. ஒயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டதால் மழைக்கு உள்ளே ஏறியிருக்கின்றன. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் துடைத்து, வெயிலில் காயவைத்து, ஓட்டையை அடைத்து மாட்டினோம். கையை நீட்டினேன். 'டக்' என்று கேட்டது. சிவப்பு ஒயரை எடுத்துவிட்டு சென்சார் ஒயர்களை அவற்றின் இடத்தில் மாட்டினோம், குமிழையும் நடுவுக்குக் கொண்டுவந்தோம். இப்போது கேட் சரியாக மூடுகிறது, குறுக்கே ஒரு துடைப்பத்தை நீட்டினாலும் நின்று திரும்புகிறது. எலக்ட்ரீஷியன் வாங்கியது 300 ரூபாய்.

பழைய போர்டு கெடவே இல்லை என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது, அதை நீங்கள் எடுத்துப் போய்விட்டீர்கள். ஆனால் நான் சொன்ன அடையாளங்கள் எல்லாமே சென்சாரைத்தான் காட்டின, எறும்புக் கூடும் அங்கேதான் இருந்தது. புது போர்டு போட்டும் ஒயர் இல்லாமல் கேட் மூடாததால்தான் உங்கள் மெக்கானிக் இணைத்திருக்க வேண்டும். அந்த நேரத்திலாவது, "அம்மா, சென்சார் வேலை செய்யவில்லை, தற்காலிகமாக இணைத்திருக்கிறேன், குழந்தையை கேட் பக்கம் விடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ரிமோட்டைத் தொடாமல் கையாலேயே தள்ளியிருப்போம். பணம் போனதைவிட, 'சென்சார் ஓகே' என்று எழுதிக் கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் பத்தொன்பது நாள் பேத்தியை வாசலில் விளையாட விட்டேன்.

அந்தப் பையனை வேலையை விட்டு எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி என்று சொன்னார், தண்ணீர்கூட நின்றுகொண்டேதான் குடித்தார். இப்படி அவசரத்தில் வேலை செய்யவைத்தது உங்கள் ஏற்பாடு. அந்த ஐந்து வீட்டிலும், அதற்கு முன்னும் பின்னும் போன வீடுகளிலும் எத்தனை கேட்டில் இப்படி ஒயர் இருக்கிறதோ? முதலில் அந்த வீடுகளுக்குப் போன் செய்து, ஆள் அனுப்பி, மூடியைத் திறந்து பாருங்கள். எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். எங்கள் வீட்டில் சைக்கிளோடு போயிற்று.

அடுத்து, பழைய போர்டை என் முன்னால் சோதித்துக் காட்ட வேண்டும். நல்ல நிலையில் இருந்தால் 8,909 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். உண்மையிலேயே கெட்டிருந்தால், வாரண்டிக்குள் இருக்கும் போர்டுக்கு எதற்காகப் பணம் வாங்கினீர்கள் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். தவறான சர்வீஸ் சீட்டைத் திருத்தித் தர வேண்டும்.

சென்சார் வைத்திருக்கும் உயரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல் வைத்திருக்கிறீர்கள். கார் குறுக்கே நின்றால் தெரியும், தவழும் குழந்தையோ குனிந்து பந்து எடுக்கும் பிள்ளையோ அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் கேரேஜ் கதவு மோட்டார்களுக்கு, தடை இருந்தால் கதவு திரும்பிவிடும் ஏற்பாடு 1993 முதல் சட்டப்படி கட்டாயம். அங்கே சென்சாரைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் வைப்பதில்லை. இங்கேயும் கீழே இன்னொரு ஜோடி வைக்க முடியும் என்று எங்கள் எலக்ட்ரீஷியன் சொல்கிறார். அதற்கான செலவை நானே தருகிறேன், வேலையை மட்டும் சரியாகச் செய்து கொடுங்கள்.

15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. சிவப்பு ஒயரை அதே இடத்தில் வைத்து எடுத்த போட்டோ, சென்சாருக்குள் இருந்த கூட்டின் போட்டோ, பில், சர்வீஸ் சீட்டு எல்லாவற்றின் நகலும் இத்துடன் இருக்கிறது. ஒயரைப் பத்திரமாக ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

காலை பத்து மணிக்கு மேல் எந்த நாளும் வீட்டில் இருப்போம். வருகிறவரிடம் பழைய போர்டைக் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ஸ்ரீரங்கம்.