உன் நீட் மார்க்கும் உடலியங்கியல் தேர்வும்

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியிலேயே அழுதுவிடுகிறாய். நானும் எதையாவது சொல்லிச் சமாளித்து வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் கடிதம். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் இன்டர்னலில் மார்க் போனதற்கு நீட் மார்க்கைக் காரணம் சொன்னாய். "ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள்தானே, எனக்கு இவ்வளவுதான் வரும்" என்றாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நுழைவுத்தேர்வு மார்க்குக்கு அர்த்தமே கிடையாது என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். அது உண்மையில்லை. அமெரிக்காவில் கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் அதிகம் வாங்கியவர்கள் கல்லூரி முதலாண்டிலும் சராசரியாகக் கூடுதலாகத்தான் வாங்குகிறார்கள். கொரோனா காலத்தில் நிறுத்திவைத்த எஸ்ஏடியை அங்குள்ள எம்ஐடி பல்கலைக்கழகம் 2022-இல் மறுபடி கட்டாயமாக்கியதும் இதை வைத்துத்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் அதே தேர்வை வேண்டாமென்று விட்டுவிட்டது. படித்தவர்களுக்குள்ளேயே சண்டை ஓயவில்லை.

ஆனால் 'சராசரியாக' என்று சொன்னேன் பார், அதைக் கவனி. பதினொன்றாம் வகுப்பில் நான் வருஷா வருஷம் நடத்தும் ஒட்டுறவுக் கெழுதான் இது. இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்று சொல்லும் எண்; தொடர்பே இல்லையென்றால் 0, முழுக்கச் சேர்ந்து ஏறினால் 1. நுழைவுத்தேர்வு மார்க்குக்கும் கல்லூரி மார்க்குக்கும் 0.5 வந்தாலே பெரிய விஷயம். அதை வர்க்கப்படுத்து, 0.25 வரும். மாணவர்களுக்கிடையே இருக்கும் ஏற்றத்தாழ்வில் கால் பங்குக்குத்தான் நுழைவு மார்க் கணக்குச் சொல்கிறது. மிச்ச முக்கால் பங்கில் உழைப்பு, உடம்பு, தூக்கம், சொல்லிக்கொடுப்பவர், பாஷை என்று எவ்வளவோ இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் போட்ட கணக்கில் உன் ஒருத்தியின் தலையெழுத்தைத் தேடாதே கண்ணு.

சரி, உன் நீட் தாளையே எடுத்துக்கொள். 720-இல் 360 உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும். நீ கோட்டைவிட்டது இயற்பியலில்தான். அங்கே நான்கு விடைகளில் ஒன்றைக் குறித்தால் போதும். இப்போது பக்கம் பக்கமாக எழுத வேண்டும், வைவாவில் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதுவும் பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்துவிட்டு, திடீரென்று ஆங்கிலத்தில். உனக்கு மார்க் போனது இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. சிறுநீரகத்தில் இருக்கும் நெஃப்ரான் எப்படி வேலை செய்கிறது என்று தீபாவளி லீவில் எனக்குத் தமிழில் சொன்னாயே, கணக்கு டீச்சரான எனக்கே புரிந்தது. பாடம் புரியாத பெண்ணால் அப்படிச் சொல்ல முடியாது.

உன் ரூம்மேட் உன்னைவிட அதிகம் வாங்கியவள் என்கிறாய். அவள் ஒரு வருஷம் கோச்சிங் போய் இரண்டாம் தடவை எழுதியவள். அந்தப் பிள்ளையும் கஷ்டப்பட்டுத்தான் வந்திருக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் நீட் வந்தபின் இப்படித் திரும்ப எழுதி இடம் பிடிப்பவர்கள் பெருமளவு கூடியதை 2021-இல் நீட்டின் பாதிப்பை ஆராயத் தமிழக அரசு அமைத்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு காட்டியது. ஒரே பெண்ணுக்கு ஒரு வருஷத்தில் நூறு மார்க் ஏறினால், அந்த நூறில் கோச்சிங் ஃபீஸும் இருக்கிறது, வீட்டில் உட்காரவைத்துச் சோறு போட முடிந்ததும் இருக்கிறது. இதையெல்லாம் பார்த்துத்தான் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத ஒதுக்கீட்டுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த இடம் உனக்கு உரியது. யாரிடமும் கூச்சப்படாதே.

2007 முதல் 2016 வரை நம் மாநில அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நுழைவுத்தேர்வே இல்லை, பிளஸ் டூ மார்க்தான். தாத்தாவின் காலை எடுக்காமல் சர்க்கரைப் புண்ணை ஆற்றிய ஜி.ஹெச். டாக்டர் அந்த வருஷங்களில் சேர்ந்தவர்தான்.

திங்கட்கிழமை உடலியங்கியல் மேடத்தைப் பார்த்து விடைத்தாளைக் கேட்டு வாங்கு. எது தெரியாமல் விட்டாய், எது தெரிந்தும் எழுத வராமல் விட்டாய் என்று தனித்தனியாகக் குறித்து எனக்கு அனுப்பு. இரண்டாவதுதான் அதிகம் என்றால் தினமும் ராத்திரி ஒரு கேள்விக்கு ஆங்கிலத்தில் விடை எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பு. மருத்துவம் எனக்குத் தெரியாவிட்டாலும், வாக்கியம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா