பாப்பாவுக்கு, மே தினத்தன்று

பாப்பா,

டிக்கெட் போட்டாச்சு என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜூன் முதல் வாரம், சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு, உனக்கும் உன் பயலுக்கும். வாட்ஸாப்பில் நான் அனுப்பிய நாலு செய்திக்கும் நீல டிக் விழுந்ததோடு சரி. ஆனால் இந்தப் பக்கத்தில் நான் எதை எழுதினாலும் அன்று ராத்திரியே நீ படித்துவிடுவாய். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். கூடவே ஊரும் படிக்கும், உன் நாத்தனார் படிப்பாள், என் ஆபீஸில் இரண்டு பேர் படிப்பார்கள். சில இடங்களில் பூசி மெழுகியிருப்பேன். உனக்குப் புரியும்.

இன்று மே 1, 2025. லீவு. ஜன்னலுக்குக் கீழே தேர்தல் பிரசார வண்டி பேசிக்கொண்டே போகிறது. சனிக்கிழமை வாக்குப்பதிவு. நமக்கு ஓட்டு இல்லை, சத்தம் மட்டும் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே தேதியில்தான் உன் வேலைக்கு வேட்டு வைத்த அந்தச் சட்ட விதி மாறியது. உழைப்பாளர் தினம் பார்த்து!

2019 ஆகஸ்டில் பட்டுக்கோட்டை வீட்டுத் திண்ணையில் நான் சொன்னது உனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. போன சண்டையில் என் குரலிலேயே சொல்லிக் காட்டினாய். “மாப்பிள்ளை இபியில இருக்காரு, சம்பளம் 6,000 வெள்ளிக்கு மேல, அதனால டிபி கெடைச்சிரும். டிபி வந்துட்டா வேலைக்கு எல்ஓசி போட்டா போதும். லெவி கெடையாது, கோட்டா கெடையாது, எந்தக் கம்பெனியும் யோசிக்காம எடுத்துக்குவான். உன் எம்.காம். வீணாகாது.” (கூடப் படிப்பவர்களுக்கு: இபி என்பது கூடுதல் சம்பளக்காரர்களுக்கான வேலை பாஸ், டிபி அவர்கள் குடும்பத்துக்கான பாஸ், எல்ஓசி என்பது வேலைக்கான ஒப்புதல் கடிதம், லெவி வெளிநாட்டு ஆளுக்காகக் கம்பெனி அரசுக்குக் கட்டும் மாதக் கட்டணம், கோட்டா அப்படிப்பட்ட ஆட்களுக்கான உச்சவரம்பு, வெள்ளி என்றால் சிங்கப்பூர் டாலர்.) அன்று அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 2021 மார்ச்சில் அறிவித்தார்கள், மேயிலிருந்து டிபிக்காரரும் தனியாக ஒரு பாஸ் வாங்கித்தான் கம்பெனி வேலைக்குப் போகணும் என்று ஆனது. முன்கூட்டியே தெரிந்துகொள்ள நான் என்ன மனிதவள அமைச்சிலா உட்கார்ந்திருந்தேன்?

பார், மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். வாதாட ஆரம்பித்துவிட்டேன்.

எனக்குத் திரும்பத் திரும்ப வருவது 2022 ஜனவரி கடைசியில் ஒரு சாயங்காலம். உன் எல்ஓசியின் கடைசி நாள். வீட்டுக்குப் போகாமல் உபி வட்டாரத்து ஆபீஸிலிருந்து நேராக நான் இருக்கும் செங்காங் வட்டாரத்துக்கு வந்துவிட்டாய். என் புளோக்கின் கீழ்த்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த அந்தக் கல்மேசையில் உட்கார்ந்திருந்தாய். மாஸ்க் தாடைக்கு இறங்கியிருந்தது. துணிப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாய். கறை போகாத மக், முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, சீனப் புத்தாண்டு வருகிறதென்று உன் முதலாளியம்மா கொடுத்த இரண்டு ஆரஞ்சுப் பழம், ஓர் அங்பாவ் (காசு வைத்த சிவப்பு உறை), அப்புறம் அந்தக் கால்குலேட்டர். கேசியோ, பெரிய பொத்தான் வைத்தது, இரட்டைப் பூஜ்யத்தில் எழுத்து தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். “வெச்சுக்கன்னு சொல்லிட்டாங்கக்கா” என்றாய்.

அந்த அம்மா மேல் எனக்குக் குறையில்லை. உன் 2,400 வெள்ளியை, நடுத்தரச் சம்பளக்காரர்களுக்கான வேலை பாஸான எஸ் பாஸுக்கு வேண்டிய அளவு ஏற்றத் தயாராக இருந்தார், மாதம் 330 வெள்ளி லெவியும் கட்டுகிறேன் என்றார். ஆனால் சேவைத் துறையில் மொத்த ஆட்களில் பத்து சதவீதம்தான் எஸ் பாஸ் வைக்கலாம். உங்கள் ஆபீஸில் மொத்தமே பதினோரு பேர். அந்த ஒரு இடத்தில் கிடங்கு சூப்பர்வைசர் ஏற்கெனவே இருந்தார், மூன்று பிள்ளைக்காரர். அவரைத் தூக்கிவிட்டு என் தங்கச்சியை வையுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

நான் பழத்தை உரித்துக்கொண்டே பேசினேன். கவலை வந்தால் என் கை சும்மா இருக்காது. “சரி விடு, மூணு மாசம் ரெஸ்ட் எடு. ஒரு புள்ளையப் பெத்துக்க. அப்பறம் பாத்துக்கலாம்” என்றேன். நீ பதில் சொல்லவில்லை. 2,400 பெருக்கல் 24 என்று தட்டி, திரையை என் பக்கம் திருப்பினாய். 57,600.

“இவ்வளவுதாங்கா. இது என் காசு. இனிமே இதுல ஒரு வெள்ளி ஏறாது.”

வாடகையில் பாதி, அம்மாவின் கண் ஆபரேஷன், எல்லாம் அதிலிருந்துதான் போனது என்று எனக்குத் தெரியும். கையில் ஒன்றும் மிச்சமில்லை என்றும் தெரியும். ஆனாலும் நீ அந்த எண்ணை அழிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே அணைந்தது. அதற்குள் நான் இரண்டு பழத்தையும் தின்று முடித்திருந்தேன். உனக்கு ஒரு சுளைகூட வைக்கவில்லை என்பது உன்னை ரயிலேற்றிவிட்டு லிஃப்டில் ஏறும்போதுதான் உறைத்தது.

(பயலே, பிற்காலத்தில் இதைப் படித்தால் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெரியம்மா சொன்ன நேரம்தான் தப்பு, நீ தப்பில்லை.)

அப்புறம் முறுக்கு. உன் புளோக் பெண்கள் குழுவில் படம் போட்டு ‘பாக்கெட் 5 வெள்ளி’ என்று எழுதினாயே, அந்த ராத்திரி. இரண்டே நிமிஷத்தில் போன் பண்ணி நீக்கவைத்தேன். படிப்பவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்: ஒரு பாக்கெட்கூட விற்கவில்லை, போட்ட முறுக்கு முழுதும் என் ஆபீஸ் பேன்ட்ரியில் சும்மாதான் வைக்கப்பட்டது. அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை ஜெயில் என்று கத்தினேன். முறையாகச் செய்யணும்னா கம்பெனி பதிவு பண்ணு, உள்ளூர்க்காரர் ஒருத்தரைச் சம்பளத்துக்கு வை, அவருக்கு சிபிஎஃப் என்கிற சேமநிதி கட்டு, அப்புறம் சொந்தத் தொழிலுக்கு எல்ஓசி கேட்கலாம் என்று விளக்கினேன். “முறுக்கு புழிய ஆள் வெச்சு சிபிஎஃப் கட்டவாக்கா?” என்று சிரித்தாய். சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டாய். சட்டப்படி நான் சொன்னது சரி, இப்போதும் சரி. முறுக்கு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

உன் எதிர்வீட்டுத் தஞ்சாவூர்ப் பெண்ணைப் பார்த்து நீ பெருமூச்சு விட்டதும் நியாயம்தான். அவளும் கல்யாணம் கட்டித்தான் வந்தாள். அவள் வீட்டுக்காரர் கையில் பிங்க் ஐசி, அதாவது இந்த நாட்டுக் குடிமகனின் அடையாள அட்டை. அதனால் அவளுக்கு நீண்டகால வருகை அனுமதி, கூடவே வேலைக்கான ஒப்புதல் கடிதம். காலையில் எட்டு மணிக்கெல்லாம் சூப்பர்மார்க்கெட் சீருடையில் கிளம்பிவிடுகிறாள். “பத்துப் பொருத்தம் பாத்தியேக்கா, மாப்பிள்ளை கார்டு என்ன கலர்னு பாத்தியா?” என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே எதுவும் எழுதமாட்டேன். அவரும் படிப்பார். நல்ல மனுஷன். அவ்வளவுதான்.

ஆனால் நீ மட்டும் என்ன? பொங்கலன்று பத்துப் பேர் முன்னால், “அக்காவுக்கென்ன, வேலைக்குன்னு வந்தவ, யாரையும் கேக்க வேணாம்” என்றாய். யாரையும் கேட்க வேண்டாமா? பாஸில் இருப்பது என் பெயர், ஆனால் அதைப் போட்டு வாங்குவது கம்பெனி. அவர்கள் வேண்டாம் என்றால் நானும் பெட்டி கட்ட வேண்டியதுதான். போன டிசம்பரில் புதுப்பித்தபோது காம்பஸ் என்ற அந்தப் புள்ளிக் கணக்கு. சம்பளத்துக்கு இத்தனை, படிப்புக்கு இத்தனை, ஆபீஸில் நம் நாட்டுக்காரர்கள் எவ்வளவு பேர் என்பதைப் பார்த்து இத்தனை. மொத்தம் 40 தேறணும். பத்தாம் வகுப்பில்கூட 35 எடுத்தால் பாஸ்டி. 38 வயதில் நான் ரிசல்ட்டுக்குக் காத்துக்கிடந்தேன், நீ ஒரு போன் பண்ணவில்லை. உன் எம்.காம். ஃபீஸும் கல்யாண மண்டபத்து வாடகையும் இந்த பாஸில் வந்த காசுதான். சொல்லிக்காட்டக் கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லிவிட்டேன். நீக்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்லணும். இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வராது.

2012-ல் வந்ததிலிருந்து நான் வாடகை அறைதான். எட்டு மணிக்கு மேல் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் மீன் கடைகளை ஒரு சுற்று சுற்றுவேன். வஞ்சிரம் பளபளவென்று இருக்கும். வாங்கி எங்கே வைத்துக் குழம்பு வைப்பது? கறிவேப்பிலை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவேன், எதற்கு வாங்கினேன் என்று தெரியாமல்.

இந்த ஜாதகம் வந்த அதே வாரம் கோயம்புத்தூரிலிருந்தும் ஒன்று வந்தது. பாங்கில் வேலை. உன்னை வேலைக்கு அனுப்பச் சம்மதம் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. உன் வரைக்கும் அது வரவேயில்லை, ஏனென்றால் சரிப்படாது என்று நான்தான் போனில் அடித்துச் சொன்னேன். மாப்பிள்ளை மன்னிக்கணும், இது உங்களைப் பற்றியது இல்லை. எல்ஓசி பற்றி நான் சொன்னது உண்மை. அதற்காகத்தான் சொன்னேன் என்பது பொய். ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார எனக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது. அஞ்சு வருஷம் வந்து உட்கார்ந்தேன். கொரோனாவில் ஆள் கணக்குப் பார்த்து வீட்டுக்குள் விட்ட நாட்களில்கூட அந்தக் கணக்கில் நான் இருந்தேன். ஒரு நாள்கூட நீ குழம்பைக் குறைத்து வைத்ததில்லை.

திருச்சியில் நீ சேரப்போகும் ஆடிட்டர் ஆபீஸில் என்ன சம்பளம் என்று நான் கேட்கமாட்டேன். அம்மா கேட்டிருப்பாள்.

சனிக்கிழமை இங்கே லீவு, முஸ்தபா கடைக்குப் போகிறேன். அம்மாவுக்குக் கோடாலித் தைலம் ஆறு, சித்திக்கு இரண்டு. உன் 30 கிலோவில் எவ்வளவு மிச்சம் என்று மட்டுமாவது பதில் போடு. கால்குலேட்டர் என்னிடம்தான் இருக்கிறது, அன்று கல்மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாய். அதையும் சேர்த்தால் கூடுதலாக இருநூறு கிராம்தான் வரும்.

அக்கா